ஏற்காட்டில் இருக்கும் அப்பா அம்மாவைப் பெங்களூரில் விமானம் ஏற்றிவிடுவது

நீங்கள் கேட்டிருப்பது இது: ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலையில் இருக்கிறீர்கள். ஏற்காட்டில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக உங்களிடம் வருகிறார்கள். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வராது. பெங்களூரு விமான நிலையம் எப்போது வந்தது, உள்ளே என்னென்ன வசதி இருக்கிறது, தனியாகச் சமாளிப்பார்களா, சேலத்துப் பக்கம் கமலாபுரத்திலேயே ஏர்போர்ட் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?

சேலத்தில் டிக்கெட் போடும் தொழிலில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். சமாளிப்பார்கள் தம்பி, பயப்பட வேண்டாம். டெர்மினலுக்குள் நுழைந்துவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் ஏற்பாடு செய்ய முடியும். நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ஏற்காட்டு வீட்டு வாசலில் இருந்து டெர்மினல் வாசல் வரைக்கும் உள்ள அந்த ஏழெட்டு மணி நேரத்தைத்தான். அதனால் வரலாற்றையும் வசதியையும் சொல்லிவிட்டு, சாலையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் கமலாபுரம். ஓமலூர் தாண்டி இருக்கும் நம் விமான நிலையம் 1993-ல் வந்தது. என்இபிசி என்ற விமானக் கம்பெனி கொஞ்ச காலம் ஓட்டியது, நின்றுபோனது. அப்புறம் பல வருடம் வெறும் ஓடுபாதையாகவே கிடந்தது. 2009-ல் கிங்ஃபிஷர் சென்னைக்கு விட்டது, அதுவும் நிலைக்கவில்லை. 2018 மார்ச் 25-ல், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. சேலத்துக்காரர்கள் நன்றாகவே பயன்படுத்தினோம். 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் வந்த பிறகு மறுபடி உயிர் வந்தது.

அங்கே ஓடுபாதையின் நீளம் 1806 மீட்டர். எழுபது பேர் சொச்சம் ஏறும் ஏடிஆர் 72 விமானத்துக்கு அது போதும். ஐரோப்பா போகும் விமானம் முந்நூறு பேரையும் ஒன்பது பத்து மணி நேரத்துக்கான எரிபொருளையும் சுமந்து எழும்ப வேண்டும். அதற்கு இதைப் போல இரண்டு மடங்கு நீளம் தேவைப்படும். பெங்களூரில் இருக்கும் இரண்டு ஓடுபாதையும் 4000 மீட்டர். கமலாபுரத்தில் நீட்டலாமே என்றால், சுற்றிலும் பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி என்று விவசாய பூமி. நிலம் எடுக்கக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஊருக்குப் பெரிய விமானம் வர வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தலைமுறையாக உழுத காட்டைக் கொடு என்று கேட்கும்போது அவர்கள் சொல்வதில் இருக்கிற நியாயம் சின்னதில்லை. ஓடுபாதை நீண்டாலும் குடியேற்றச் சோதனை, சுங்கம், சுகாதாரச் சோதனை எல்லாம் வந்தால்தான் சர்வதேச நிலையம் ஆகும். அதனால் இப்போதைக்குப் பெங்களூருதான்.

பெங்களூரில் பழைய ஏர்போர்ட் எச்ஏஎல் வளாகத்தில் இருந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1940-ல் மைசூர் அரசோடு சேர்ந்து ஆரம்பித்த விமானத் தொழிற்சாலை அது. விமானம் செய்ய வந்த ஓடுபாதையில் பிற்பாடு பயணிகளும் ஏறி இறங்கினார்கள். ஐடி கம்பெனிகள் பெருகியதும் அந்த இடம் திணறிப்போனது. சுற்றிலும் ஊர் வளர்ந்துவிட்டதால் விரிக்கவும் வழியில்லை. 2004 ஜூலையில் புதிய நிலையத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது, 2005-ல் வேலை தொடங்கியது. சீமென்ஸ், சூரிச் விமான நிலையம், எல் அண்ட் டி, இவர்களோடு மத்திய மாநில அரசு நிறுவனங்களும் பங்காளிகள். 2008 மே 24-ல், ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் அந்தப் புதிய நிலையம் திறந்தது. எச்ஏஎல்லில் அன்றோடு வழக்கமான பயணிகள் சேவை முடிந்தது. ஊருக்குள்ளே இருந்ததை மூடிவிட்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொல்கிறார்களே என்று பெங்களூர்க்காரர்கள் அப்போது பெரிய அளவில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் நம் பக்கத்து ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு ஷரத்து இருக்கிறது. தேவனஹள்ளியில் இருந்து வான்வழியாக 150 கிலோமீட்டருக்குள் 25 வருடத்துக்கு இன்னொரு சர்வதேச விமான நிலையம் வரக்கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது இந்த ஷரத்துதான் பேச்சாக இருந்தது. 2008-ல் இருந்து எண்ணினால் 2033 வரை அது நிற்கும். கமலாபுரம் வான்வழியாக 160 கிலோமீட்டர் போல இருப்பதால் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. நமக்குத் தடை ஓடுபாதைதான், ஒப்பந்தம் அல்ல.

தேவனஹள்ளி திப்பு சுல்தான் பிறந்த ஊர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போகும் வரை சேலமும், பாராமகால் என்ற தருமபுரி கிருஷ்ணகிரிப் பக்கமும் அவர் ஆட்சியில்தான் இருந்தன. அப்பாவுக்குச் சரித்திரத்தில் ஆர்வம் இருந்தால் போகிற வழியில் பேசிக்கொண்டு போக நல்ல விஷயம். நிலையத்துக்குப் பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவின் பெயரை 2013-ல் வைத்தார்கள். அவருடைய 108 அடி வெண்கலச் சிலை நிலைய வளாகத்தில் நிற்கிறது.

2008-ல் கட்டிய டெர்மினல் 1 சீக்கிரமே போதாமல் போய், 2013-ல் ஏறக்குறைய இரட்டிப்பாக விரித்தார்கள். 2019 டிசம்பரில் இரண்டாவது ஓடுபாதை வந்தது. 2022 நவம்பர் 11-ல் பிரதமர் டெர்மினல் 2-ஐத் திறந்து வைத்தார். 2023 ஜனவரியில் உள்நாட்டு விமானங்களோடு அது இயங்க ஆரம்பித்தது. அதே வருடம் செப்டம்பர் 12 முதல் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் அங்கே மாறின. டிரைவரிடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது இது: வெளிநாடு என்றால் டெர்மினல் 2, புறப்பாடு. நாலு வருடத்துக்கு முன்னால் யாரையோ கொண்டுபோய் விட்ட நினைப்பில் டெர்மினல் 1 வாசலில் இறக்கிவிடும் டிரைவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே இலவச பஸ் ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ராத்திரி நேரத்தில், மொழி தெரியாமல், நாலு பெட்டியோடு அதைத் தேட விடக்கூடாது.

டெர்மினல் 2 எனக்கு மனதாரப் பிடித்த கட்டடம். இரண்டரை லட்சம் சதுர மீட்டருக்கு மேல் இருக்கிறது, வருடத்துக்கு இரண்டரைக் கோடிப் பேரைத் தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டியது. ஆனால் உள்ளே போனால் அந்தப் பிரமாண்டம் பயமுறுத்தாது. மேற்கூரைக்குக் கீழே மூங்கில் வரிச்சு, மேலே இருந்து தொங்கும் செடிகள், சுவரெல்லாம் பச்சை. காபித் தோட்டத்து நிழலில் வாழ்ந்து பழகிய உங்கள் அப்பா அம்மாவுக்கு அந்தப் பச்சை கொஞ்சம் தைரியம் கொடுக்கும் என்றே நினைக்கிறேன். கழிப்பறை சுத்தமாக இருக்கும், குடிதண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், போன் சார்ஜ் போட இடம் உண்டு. சாப்பாட்டுக் கடையில் இட்லி தோசை, ஃபில்டர் காபி எல்லாம் கிடைக்கும். விலைதான் சேலத்து ஓட்டலை நினைத்துக்கொண்டு பார்த்தால் தலை சுற்றும். வீட்டில் கட்டிய புளிசாதமும் சப்பாத்தியும் கைப்பையில் கொண்டுபோகலாம், தடை இல்லை. தயிர்சாதம், சாம்பார், சட்னி மாதிரி நீர்த்தன்மை உள்ளதைச் சோதனையில் நிறுத்துவார்கள். அதை வழியிலேயே சாப்பிட்டு முடித்துவிடச் சொல்லுங்கள்.

பெயர்ப்பலகை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் இருக்காது. ஆனால் பெங்களூரில் தமிழ் புரியாத இடம் குறைவு. அம்மா தமிழிலேயே கேட்டால் பலர் பதில் சொல்வார்கள். அதற்கும் மேலாக ஒரு ஏற்பாடு அவசியம்: இரண்டு பேருக்கும் வீல்சேர் கேளுங்கள். நன்றாக நடக்கிறவர்களுக்கு எதற்கு என்று அப்பா கோபித்துக்கொள்வார், எல்லா அப்பாவும் கோபித்துக்கொள்வார்கள். அந்த உதவிக்கு வரும் ஆள்தான் செக்-இன் கவுன்ட்டர், பாதுகாப்புச் சோதனை, குடியேற்றக் கவுன்ட்டர், கடைசியில் விமானத்தின் கதவு வரைக்கும் வழிகாட்டி என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் அங்கேயும் ஒருவர் காத்திருப்பார். நீளமான நடை, பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் தாண்டி உங்கள் கையில் ஒப்படைப்பார். இதை டிக்கெட் போடும்போதே சொல்லிப் பதிய வேண்டும், பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மறுபடி ஒருமுறை உறுதி செய்ய வேண்டும். அன்றைக்குப் போய்க் கவுன்ட்டரில் கேட்டால் கிடைக்கலாம், நெடுநேரம் காக்கவும் வைக்கலாம்.

வீல்சேர் கேட்பதால் நேரடி விமானமாகவே பாருங்கள். லுஃப்தான்சா பெங்களூரில் இருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேராகப் போகிறது. வளைகுடாவில் மாறிப்போகும் டிக்கெட் சில ஆயிரம் குறைவாக இருக்கும். முதல் பயணத்துக்கு அந்த மிச்சம் வேண்டாம். ஒருவேளை நீங்கள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ துபாயிலோ இருந்திருந்தால் பெங்களூரு பக்கமே போக வேண்டாம், நாமக்கல் வழியாகத் திருச்சிக்குப் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். 140 கிலோமீட்டர்தான், 2024 ஜூனில் இயங்க ஆரம்பித்த புது டெர்மினல், சுற்றிலும் தமிழ். ஐரோப்பாவுக்கு அங்கிருந்து நேர் விமானம் இல்லை என்பதால்தான் உங்களுக்கு அது பொருந்தவில்லை.

கமலாபுரத்தில் ஏறிப் பெங்களூரில் இறங்கி மாறலாமா என்று கேட்பீர்கள். அந்தச் சமயத்து அட்டவணையில் பெங்களூரு விமானம் இருந்தால் முடியும். ஆனால் அது தனி டிக்கெட்டாக இருந்தால் பெட்டியைப் பெங்களூரில் எடுத்து மறுபடி போட வேண்டும். இண்டிகோ உள்நாட்டு விமானம் என்றால் டெர்மினல் 1-ல் இறங்குவார்கள், அங்கிருந்து வெளியே வந்து டெர்மினல் 2-க்குப் போக வேண்டும். சின்ன விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ பெரிய விமானம் காத்திருக்காது. கூட நீங்கள் இருந்தால் சரி, அவர்கள் தனியாக என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இப்போது சாலை. சேலத்தில் இருந்து தேவனஹள்ளி 240 கிலோமீட்டர் போல வரும். இதில் ஒரு விசேஷம், சேலத்தைத் தொட்டுப் போகும் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் ஓமலூர், தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போய், ஊரைத் தாண்டி ஐதராபாத் நோக்கித் திரும்பி, விமான நிலையத்தின் வாசல் பக்கமாகவே போகிறது. ஓசூர் வரை வண்டி தடையில்லாமல் ஓடும். பெங்களூருக்குள் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்து ஹெப்பாள் வரைக்கும்தான் கண்டம். மாலை ஐந்து மணியில் இருந்து எட்டு மணி வரை சில்க் போர்டு பக்கம் மாட்டினால் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தவிர்க்க ஓசூரில் பிரிந்து பாகலூர், மாலூர், ஹொசகோட்டை வழியாகத் தேவனஹள்ளி போகிற டிரைவர்கள் உண்டு. அந்த வழி பகலில் நல்லது. இருட்டிய பிறகு பழக்கமான டிரைவர் இல்லாமல் வேண்டாம்.

ஐரோப்பா போகும் விமானங்கள் பலவும் நள்ளிரவு தாண்டி விடியலுக்கு முன்னால் கிளம்புகின்றன. அதிகாலை மூன்று மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். என் கணக்கு இப்படி: முதல் நாள் மாலை நாலு மணிக்குச் சேலத்தில் கிளம்ப வேண்டும், ஏழு மணி சுமாருக்கு ஓசூர். அங்கே அவசரமில்லாமல் சாப்பிட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு எடுத்தால், பெங்களூரில் நெரிசல் இறங்க ஆரம்பித்திருக்கும். பத்தரைக்குள் டெர்மினல் வாசல். டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் போனாலும் தாங்கும். ஏற்காட்டில் இருந்து அன்றைக்கே நேராகக் கிளம்ப வைக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வயிறு கலங்கி, அதற்கு மேல் ஆறு மணி நேரக் கார்ப் பயணம், பிறகு விமானம் என்றால் வயதானவர்கள் சோர்ந்துபோவார்கள். முதல் நாளே சேலத்துக்கு இறங்கி உறவுக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தூங்கட்டும். டிசம்பர் ஜனவரி என்றால் இன்னும் அவசியம். மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் மாலை நேரத்தில் வண்டி ஊர்ந்துதான் வரும். அந்த மாதங்களில் தேவனஹள்ளியிலும் விடியற்காலைப் பனியால் விமானம் தாமதமாவது உண்டு.

தேதி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். டிக்கெட்டில் 15-ஆம் தேதி அதிகாலை 3 மணி என்று இருந்தால் சேலத்தை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. பதினைந்தாம் தேதி சாயங்காலம் நிதானமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். டிக்கெட் நகலில் 14 மாலை 4 மணி, சேலம் என்று பேனாவில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

ரயிலிலும் போகலாம். 2023 டிசம்பரில் ஆரம்பித்த கோவை–பெங்களூரு வந்தே பாரத் சேலம், தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போகிறது. அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். பஸ்ஸில் போனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா ஏசி பஸ்ஸில் ஏறலாம். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், செலவு மிகவும் குறைவு. உங்கள் அப்பா அம்மாவுக்குக் கார்தான்.

வாசலில் வழியனுப்பும் கூட்டம் உள்ளே போக முடியாது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்துத்தான் விடுவார். அவர்கள் கையில் இருக்க வேண்டிய காகிதம்: பாஸ்போர்ட், டிக்கெட் அச்சு, திரும்பும் டிக்கெட், நீங்கள் கொடுத்த அழைப்புக் கடிதம், பயணக் காப்பீடு, உங்கள் முகவரியும் போன் எண்ணும் எழுதிய தாள். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில், பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே பெயர். நம் ஆட்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். டிக்கெட்டில் அதை எப்படிப் போட வேண்டும் என்று முன்னாலேயே கேட்டுச் சரி பார்த்துவிடுங்கள். குடியேற்றக் கவுன்ட்டரில் படிவம் எதுவும் எழுத வேண்டாம். இந்தியர்களுக்குப் புறப்பாட்டுப் படிவம் 2017 ஜூலையோடு போய்விட்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் மகனைப் பார்க்க என்று சொன்னால் போதும். ஃபிராங்க்ஃபர்ட்டில் விரல் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள், அது எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பதறமாட்டார்கள்.

பெட்டி கட்டுவது அம்மாவின் ராஜ்யம், ஆனாலும் ஐந்து விஷயத்தில் குறுக்கே நில்லுங்கள். கொப்பரையைப் பெட்டியில் வைக்கக் கூடாது, எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று தடை செய்திருக்கிறார்கள். ஊறுகாய் பெரிய பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வேண்டாம். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, கைப்பையில் மட்டும். நெய், பால் பொருள், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. சீசனில் மகனுக்கு மல்கோவாவும் குண்டு மாங்காயும் கொண்டுவர அம்மா துடிப்பார். பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அதையும் அங்கே பிடுங்கிக்கொள்வார்கள். ஜவ்வரிசி வடாம், தட்டுவடை, ஏற்காட்டு மிளகு, காபித்தூள் தாராளமாக வரட்டும். தினசரி மாத்திரைகள் மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மாத்திரை தவறக் கூடாது.

திரும்பி வரும் நாளுக்கும் இதே அளவு யோசனை தேவை. ஐரோப்பாவில் இருந்து வரும் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டி இறங்கும். பெட்டி எடுத்து வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் அங்கே டாக்ஸி பேசிச் சேலம் வரைக்கும் தெரியாத டிரைவரோடு அனுப்பாதீர்கள். சேலத்தில் இருந்தே வண்டி போகட்டும், டிரைவரின் போட்டோவும் எண்ணும் அப்பாவின் போனில் இருக்கட்டும். வெளியே வந்ததும் ஏர்போர்ட் வைஃபை வேண்டியதில்லை, பழைய இந்திய சிம்மே வேலை செய்யும். சிம் உயிரோடு இருக்க ரீசார்ஜ் மட்டும் போட்டு வையுங்கள்.

தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக வரும்போது நீண்ட இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகளால் அடிக்கடி விபத்து நடக்கும் இடம் அது. நள்ளிரவில் தேவனஹள்ளியில் கிளம்பினால் அந்த இறக்கத்துக்கு வரும்போது அதிகாலையாகிவிடும், டிரைவருக்குக் கண் சொக்கும் நேரம் அதுதான். ஆகவே டிரைவர் மத்தியானமே ஏர்போர்ட் பக்கம் போய் வண்டியைப் பார்க்கிங்கில் போட்டுத் தூங்கி எழுந்திருக்க வேண்டும் என்று பேசும்போதே சொல்லி, அதற்கான காத்திருப்புக் காசையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தேவனஹள்ளியிலேயே ஒரு அறை எடுத்துப் படுத்துவிட்டுக் காலையில் டிபன் சாப்பிட்டுக் கிளம்பட்டும். என் அப்பா அம்மாவாக இருந்தால் நான் அந்த அறையைத்தான் போடுவேன்.